ஹாலுக்குப் போகாத குரல்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை என்னிடம் கொடுத்தால், அதில் இரண்டு குறையாவது கண்டுபிடித்துத் தருவேன். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை, அதற்குத்தான் சம்பளம். (சம்பளம் இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பாள் என்பது ஜெரோமின் கருத்து.) ஒயிட்ஃபீல்ட் அலுவலகத்துக்குள் இருக்கும்வரை இந்தக் குணத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. ஒரே ஒரு முறை அதை வெளியே எடுத்துப் போனேன். மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் இடத்துக்கு.

மாமியார் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது. ஜெரோமும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்திருந்தோம். ஓசூரில் என் வீட்டார் அழ வேண்டியதை அழுது முடித்துச் சம்மதித்துவிட்டார்கள். அவன் அப்பா லாரன்ஸ் அங்கிள் என்னைப் பார்த்த பத்தாவது நிமிடத்திலேயே சரியென்றார் (அவருடைய சவுண்ட் மிக்சரில் அறுந்திருந்த ஒரு கம்பியை ஒட்டிக் கொடுத்தேன்). பாக்கி, பிலோமினா ஆன்ட்டி மட்டும். ஜீவனஹள்ளியில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னேன், கொடுத்ததைச் சாப்பிட்டேன், நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆன்ட்டி மகனிடம் சொன்ன தீர்ப்பு இது: “நல்ல பொண்ணுதான்டா. ஆனா பேங்க் கவுன்ட்டர்ல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்.”

அந்த யோசனை நாலு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

அங்கிள் ராக் பாடல்கள் எழுதுகிறவர். தமிழில். பெங்களூரில். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து நாற்பது வருடம் பிழைப்பு நடத்துவது எப்படி என்று நானும் கேட்டிருக்கிறேன். மாடியில், எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறைதான் ஸ்டூடியோ. மற்றவர்களுடைய பக்திப் பாடல், பள்ளிக்கூடக் கீதம், ஒரு பிரஷர் குக்கர் விளம்பரம் எல்லாவற்றையும் அங்கே பதிவு செய்து கொடுத்து, மிச்ச நேரத்தில் தன் பாடல்களைப் பதிவு செய்தார். காசெட் போய் சிடி வந்து, சிடி போய் ஃபோன் வந்தபோதும் அந்த அறையும் அட்டைகளும் மாறவில்லை. அவருடைய புகழ் ஜீவனஹள்ளியில் தொடங்கி காக்ஸ் டவுனில் முடிந்துவிடும். ஆனால் அந்த எல்லைக்குள் அவருடைய ஒரு பாட்டு தெரியாத ஆள் கிடையாது.

“நீயில்லா வீட்டில் சுவரெல்லாம் ஊமை, கைவைத்த சூடு இன்னும் ஆறவில்லை” என்று தொடங்கும் பாட்டு. ஜெரோம் பிறப்பதற்கு ஆன்ட்டி தங்கவயலில் அம்மா வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் எழுதியது. முப்பது வருடமாக ஒவ்வொரு கல்யாண நாளிலும் அங்கிள் அதைப் பாடுவார், ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அங்கிளின் நாற்பதாவது வருடத்துக்கு சர்ச் ஹாலில் ஒரு கச்சேரி என்று முடிவானது. டிரம்ஸ் வாசித்தவர் மகளோடு கனடாவில் இருந்தார், கீபோர்டுக்காரர் மேலுலகத்தில். இருவர் பங்கையும் முன்பே பதிவு செய்து லேப்டாப்பில் ஓட்டலாம், மேடையில் அங்கிளும் கிட்டார் ஆல்பர்ட் அங்கிளும் போதும் என்று ஏற்பாடு. லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள நான். ஆன்ட்டி நாலு மணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறார், இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று ஜெரோம் சொன்னான். அங்கிள் சொன்னது ஒன்றே ஒன்று: “ஸ்பேஸ் பார அமுக்கும்மா. வேற எதையும் தொடாத.”

நாற்பத்து மூன்று வரியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தேன். (வரி 17: தண்ணீர் பாட்டில் லேப்டாப்புக்கு இடது புறம் இருக்கக் கூடாது. வரி 18: வலது புறமும்.) மத்தியானம் ஒத்திகை ஒரு பிசகும் இல்லாமல் முடிந்தது. மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. நன்றாக ஓடுகிற ஒரு பொருளோடு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு பாட்டிலும் பன்னிரண்டு டிராக் (தனித்தனியாகப் பதிவான ஒலிகள்) இருந்தது. பதினொன்று ஹால் ஸ்பீக்கருக்குப் போனது. பன்னிரண்டாவது போகவில்லை. அதன் பெயர் ‘லாரன்ஸ் குரல்’.

யோசித்துப் பாருங்கள். கச்சேரியே லாரன்ஸுடையது; அவர் குரல் மட்டும் ஹாலுக்குப் போகவில்லை. எனக்குப் புல்லரித்தது. பன்னிரண்டு பாட்டிலும் அந்த டிராக்கை ஹாலுக்குத் திருப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு அடக்கமாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆறு மணிக்கு ஹால் நிறைந்தது. முதல் வரிசையில் ஃபாதர், பக்கத்தில் பட்டுப்புடவையில் ஆன்ட்டி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்பேஸ் பாரை அழுத்தினேன். டிரம்ஸ் முழங்கியது. கூடவே என் காதில் அங்கிள் பேசினார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஆல்பர்ட், மெதுவா வாசி. பஸ்ஸ புடிக்கவா போற?”

மேடையில் இருக்கும் அங்கிளின் வாய் மூடியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. அது பாடுகிற குரல் இல்லை. மேடையில் இருப்பவர்களின் காதுக்கு மட்டும், அடுத்து என்ன வரும் என்று சொல்லிக்கொடுக்க அவர் தனியாகப் பதிவு செய்து வைத்த குரல். ஹெட்ஃபோனைக் கழற்றினேன். ஹாலிலும் அதே குரல்தான் பேசிக்கொண்டிருந்தது, என்ன, இன்னும் கம்பீரமாக.

“இப்ப உன் கிட்டார் சோலோ. எட்டு பார்தான் மச்சி. போன தடவ மாதிரி இழுத்தேன்னு வச்சுக்க, பிளக்க புடுங்கிடுவேன். ஃபாதர் இந்நேரம் தூங்கியிருப்பாரு. எழுப்பிடாத.”

ஃபாதர் தூங்கவில்லை. ஹால் சிரித்தது. காதில் கருவி மாட்டியிருந்த அங்கிளுக்கு எது காதில் கேட்கிறது, எது வெளியே கேட்கிறது என்று தெரியவில்லை. நாற்பது வருடத்தில் கிடைக்காத வரவேற்பு என்று நினைத்துக் கையசைத்தார். நான் ஏதாவது செய்யுமுன் முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தானாகத் தொடங்கிவிட்டது. ‘நீயில்லா வீட்டில்.’

என் முகம் அப்போதும் பேங்க் கவுன்ட்டர்தான். எனக்கு இருந்த வழிகள்: ஒன்று, லேப்டாப்பை நிறுத்துவது, டிரம்ஸும் நின்றுவிடும். இரண்டு, பின்வாசல் வழியாக ஓசூர் போவது. மூன்று, அந்த ஒரு டிராக்கின் வாயை மட்டும் அடைப்பது. ஒவ்வொரு டிராக்குக்கும் பக்கத்தில் எம், எஸ் என்று இரண்டு பொத்தான். எம் அழுத்தினால் அந்த டிராக் மட்டும் அடங்கும். எஸ் அழுத்தினால் அதைத் தவிர மற்ற எல்லாம் அடங்கும்.

எஸ் அழுத்தினேன்.

டிரம்ஸ் நின்றது, கீபோர்டு நின்றது. மேடையில் ஆல்பர்ட் அங்கிள் திகைத்துக் கிட்டாரை நிறுத்தினார், அங்கிள் பாட்டை நிறுத்தினார். ஊசி விழுந்தால் கேட்கும் ஹாலில் அந்தக் குரல் மட்டும் நிதானமாகச் சொன்னது:

“லாரன்ஸ், இப்ப பிலோவப் பாரு. கைய நீட்டு. மனசுல அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர நெனச்சுக்க, வித்துட்டு வந்தமே, அத. அப்பதான் குரல்ல அழுகை வரும். ஆனா கண்ணு பிலோ மேலயே இருக்கணும்.”

அங்கிள் அப்போதும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டியலில் இல்லாதது. வாயைப் பொத்தினேன், மூக்கு வழியாக வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு, நிறுத்தவே முடியாது. கண்ணில் நீர் வழியும்போது எதிரே பட்டுப்புடவை நின்றிருந்தது.

“ஓ. சிரிக்கக்கூட வருமா உனக்கு?” என்றார் ஆன்ட்டி.

மன்னிப்புக் கேட்க முயன்றேன். விக்கல்தான் வந்தது. ஆன்ட்டி லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

“இதுல இன்னும் எத்தன பாட்டு இருக்கு?”

“பத்து, ஆன்ட்டி.”

“எல்லாத்துலயும் இவரு பேசியிருக்காரா?”

“ஆமா ஆன்ட்டி. இப்பவே நிறுத்திடறேன்...”

“ஸ்வல்ப இரும்மா. நிறுத்தச் சொன்னேனா? பாட்டும் ஓடட்டும், பேச்சும் ஓடட்டும். பாடறப்ப மனசுல என்ன ஓடுதுன்னு முப்பது வருஷமா கேட்டும் வாயே தெறக்காத ஆளு. நீ ஒரே நாள்ல பேச வச்சிட்ட.”

இருக்கைக்குத் திரும்பி, மேடையைப் பார்த்து, “வாசிங்க. ஏன் நிக்கறீங்க?” என்றார். எஸ்ஸை விடுவித்தேன், கச்சேரி தொடர்ந்தது. மழையைப் பற்றிய பாட்டு ஒழுகும் ஸ்டூடியோக் கூரையைப் பற்றியது, தேவதையைப் பற்றிய பாட்டு ஒரு சிவப்பு கிட்டாரைப் பற்றியது என்று காக்ஸ் டவுனுக்கே தெரிந்தது. ஆல்பர்ட் அங்கிள் ஒவ்வொரு சோலோவையும் எட்டு பாருக்குப் பதில் வேண்டுமென்றே பதினாறு பார் இழுத்து வாசித்தார். மறுநாள் காலை ஜெரோமுக்கு அம்மாவிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: அந்தப் பெண்ணின் வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடு.

கல்யாணமாகி மூன்று வருடமாகிறது. அங்கிள் (இப்போது மாமா) இன்னும் எழுதுகிறார். ஆனால் புதுப் பாட்டு எதுவானாலும் முதலில் மாடியில் என் பக்கத்தில் ஆன்ட்டி உட்கார்ந்து, “எஸ்ஸ அமுக்கு,” என்பார். அந்தக் குரலைத் தனியாகக் கேட்டு முடிக்கும்வரை பாட்டு வெளியே போகாது. மாமா வாசலில் நிற்பார், பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரி.

போன மாதம் ஒரு காதல் பாட்டு வந்தது. எஸ் அழுத்தினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கொஞ்சம் மூச்சு. பிறகு, “லாரன்ஸ், இந்தத் தடவ வேற எதையும் நெனைக்க வேணாம். அவளையே பாரு.”

ஆன்ட்டி அதை மூன்று முறை போடச் சொன்னார். பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்:

“நான் கேப்பேன்னு தெரிஞ்சே பேசியிருக்காரு. வேற டிராக் எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பாரு, தேடு.”

தேடிக்கொண்டிருக்கிறேன்.