திடமாக இருக்கிறேன்

நைஜீரியாவின் பெனின் நகரத்தில் மழைக்காலத்துக் கொசுவைப் போலவே எங்கும் காணக்கூடிய ஓர் இனம் உண்டு: கலங்காதவர். தெருவுக்கு ஒருவர் கட்டாயம். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தேவாலயச் சபையின் ஊழியர், டீக்கன் நோசா. எனக்கு அடுத்த வீடு.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். புயலில் வீட்டுத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்து பாஸ்டர் வீட்டு மாமரத்தில் மாட்டிக்கொள்ள, மழை நேராகக் கூடத்துக்குள் கொட்ட, மனைவி இமாடே வாளியும் கையுமாக ஓட, என் கூரையின் முறை எப்போதோ என்று நான் அண்ணாந்து பார்த்தபடி நிற்க, அவர் மட்டும் நனைந்த சோபாவில் கால்மேல் கால் போட்டு, "நலமே! கர்த்தர் அறிவார்" என்பார்.

கர்த்தர் அறிவார்தான். தச்சருக்கு யார் சொல்வது? இமாடேதான்.

இந்த இனத்துக்குச் சில சொற்கள் ஆகாது. கார் பழுதாகாது, ஓய்வெடுக்கும். மகன் பரீட்சையில் தோற்கமாட்டான், வெற்றி தாமதமாகும். யாராவது வாய்தவறிக் கெட்டதைச் சொல்லிவிட்டால், கையைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, விரலைச் சொடுக்கி, "அது என் பங்கு இல்ல!" என்று அதை வெளியே எறிந்துவிடுவார். எறிந்தது யார் வாசலில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. என் வாசல்தான் பக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சரியில்லை என்று சொல்லவே கூடாது. சொன்னால் நோய்க்கு நாமே கதவைத் திறந்து நாற்காலி போட்ட மாதிரி. "திடமா இருக்கேன்" என்றே சொல்லவேண்டும். இந்த ஊரில் ஒருவர் திடமாக இருப்பதாகத் தெரிந்தால், மிளகு சூப் எடுத்துக்கொண்டு பார்க்கப் போவது வழக்கம்.

போன ஜூலையில் டீக்கன் மூன்று நாள் மிகவும் திடமாக இருந்தார். போர்வைக்குள் பற்கள் தந்தியடித்தன. நான்காம் நாள் காலை இமாடே அவரைக் கேக்கே என்னும் மூன்று சக்கர வாடகை வண்டிக்குள் தள்ளினார், நானும் தொற்றிக்கொண்டேன். கணவரின் நெற்றியில் கை வைத்து இமாடே ஜெபித்தார்: "ஆண்டவரே, இவரை நீர் பாத்துக்கும். வண்டிக்காரனை நான் பாத்துக்கறேன்." ஆமென் சொன்ன கையோடு வண்டிக்காரன் முதுகில் ஒரு தட்டு: "முடுக்கு தம்பி! குழியெல்லாம் பாக்காத!"

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் நர்ஸ் டீக்கனின் சபைப் பெண்.

"என்ன செய்யுது டாடி?"

"திடமா இருக்கேன் மகளே."

"ஆமென்!" என்றாள். அதையே சீட்டிலும் எழுதி, கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

இமாடே சீட்டைப் படித்தார். மறு நிமிடம் டீக்கன் சட்டைக் காலரோடு இழுக்கப்பட்டு டாக்டரம்மா முன்னால் இருந்தார்.

"என்ன செய்யுது?"

"நலமே, டாக்டர்."

"நலமாவே செத்துடுவார் போலிருக்கு, டாக்டர்!" என்று இமாடே கத்தினார். டீக்கன் கையைத் தலைக்கு மேல் சுற்றினார். சொடுக்க விரலில் பலமில்லை. அதைப் பார்த்ததும், கூரை பறந்த அன்றுகூட அழாத இமாடே அழத் தொடங்கினார்.

டாக்டரம்மா இதே ஊர்க்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரி டீக்கன், அந்தப் பொய்யன் சாத்தான் உங்க உடம்பைப் பத்தி என்னென்ன பொய் சொல்லிட்டுத் திரியறான்?"

டீக்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவனா? மூணு நாளா குளிர்ஜுரம்ங்கறான். மண்டை பிளக்குதுங்கறான். நேத்துலேருந்து சிறுநீர் கறுப்புக் காப்பி மாதிரி போகுதாம். என்ன துணிச்சல் பாருங்க!"

"சுத்தப் பொய்யன்" என்றபடி டாக்டரம்மா மளமளவென்று எழுதினார். "உடனே கட்டில் போடுங்க. மலேரியா முத்திருக்கு." பிறகு இமாடேயிடம் மெல்ல: "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா, அவன் பொய்யன்னு சொல்ல ஆள் இருந்திருக்காது."

மருந்து ஏறிய மூன்றாம் நாள் டீக்கன் மெல்லிய குரலில் துதிப்பாட்டு எடுத்தார். வார்டில் முனகல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நானும் கூடவே பாடினேன்; பொய் சொல்வானேன்.

"கர்த்தர் பாத்துக்கிட்டார், பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

"பாத்துக்கிட்டார்" என்றார் இமாடே. "எனக்குத்தான் கால் வலிக்குது." சொல்லிவிட்டுக் கணவரின் கால்மாட்டில் தலைசாய்த்துத் தூங்கிப்போனார்.

சிரித்தாயிற்றா? சரி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

நன்றாகவா? பதில் இத்தனை வேகமாக வருகிறதே! உங்கள் பக்கத்து வீட்டில் மிளகு சூப் கொதிக்கிறதா என்று எதற்கும் எட்டிப் பாருங்கள்.