கொர்னேலியஸ் கண்டெடுத்த கடல்

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று அலுத்துக்கொள்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லைக் கண்டால் கடலைக் காண்கிறவரைப் பார்த்ததுண்டா? மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுகிறவர்களைக் கவனியுங்கள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் பூதக்கண்ணாடி. அந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி அவர்தான், திருவாளர் கொர்னேலியஸ்.

பிறவியில் அவரும் நம்மைப் போலத்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக அரியலூர் போன இடத்தில், சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்ததென்று சுருண்ட சங்குக் கல் ஒன்றை யாரோ அவர் உள்ளங்கையில் வைத்து, இந்த ஊரே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் பந்திக்குப் போய்விட்டார். கேட்டவர் இன்னும் கரையேறவில்லை.

இந்த இனத்துக்குத் தரை என்பது வெறும் தரை அல்ல. வங்கிக்குப் போனால் டோக்கன் எடுக்குமுன் கடப்பாக்கல்லில் மண்டியிடுவார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் செத்தவர் பெயரை விட்டுவிட்டு, கல் பலகையைத் தடவி, நீரோட்டம் மேற்கிலிருந்து வந்திருக்கிறது என்பார்கள். மணல் பருக்கை பெரிதாக இருந்தால் கரை பக்கம். களிமண் மாவாக இருந்தால் தண்ணீர் அசையாமல் நின்றது. சிப்பி நொறுங்கியிருந்தால் புயல். வரி வரியாக மேடு விழுந்து இரண்டு பக்கச் சரிவும் ஒன்றாக இருந்தால் ஆழமில்லாத தண்ணீரில் அலை முன்னும் பின்னும் ஆடியது. இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் தொல்லை. கரைத்து வைத்த தோசை மாவைக் காட்டி, அடியில் வண்டல் படிகிறது பார் என்று மனைவி பியாட்ரிஸுக்கு அவர் பாடம் எடுக்காத நாளில்லை.

அவருடைய ஊரான தங்கவயலின் பாறையில் சிப்பி கிடையாது. சிப்பி என்ற பிராணி தோன்றுமுன்பே தோன்றிய பாறை அது. அதனால் என்ன, தேடினால் கிடைக்காதா? கிடைத்தது. பழைய சுரங்கத்துச் சயனைடு மேட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில், பலகை பலகையாக ஏடு பிரிகிற கல். மேலே அலை வரி. வரிக்கு நடுவே காய்ந்த ஏரி போல வெடிப்பு. மூலையில் பொத்தான் அளவில் ஒரு வட்டம், ஓரமெல்லாம் பல் பல்லாக. கொர்னேலியஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மாதம் ஆராய்ந்து, கடலின் வயது பத்து கோடி வருஷம், ஆழம் முழங்கால் மட்டும், வட்டமாக இருப்பது கடல் பிராணி என்று தீர்ப்பெழுதி, கல்லைக் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் ஷைலாவைப் பார்க்க லாய்டின் வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே மனமொத்தவர்கள். பெரியவர்கள் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தலையசைக்க வேண்டிய லாய்டின் அப்பா ஆபிரகாம், தங்கச் சுரங்கத்து மில்லில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர், மூக்கு நுனியில் கோபம். போன வருஷம் ஒரு வீட்டில், பெண்ணின் அப்பா மைன்ஸைப் பற்றி அளந்தது பொறுக்காமல் காபி வருமுன்பே எழுந்து வந்தவர்.

"அவுங்க கெளம்பிப் போற வரிக்கும் கடல்னு ஒரு வார்த்த வரக்கூடாது. பொண்ணு வாழ்க்க," என்றாள் பியாட்ரிஸ்.

சத்தியம் செய்தார். பதினோரு நிமிஷம் காப்பாற்றினார். கேசரி வந்தது, வானிலை பேசினார்கள், ரயில் தாமதம் பேசினார்கள். ஆபிரகாம் எதேச்சையாக, வீட்டுத் தரை நல்ல கல்லு என்று சொல்லிவைத்தார். போயிற்று. கேசரித் தட்டுகள் ஒதுங்கின, கட்டிலுக்கடியிலிருந்து கடல் வந்து டீப்பாயில் உட்கார்ந்தது. அலை, வெயில், முழங்கால் ஆழம், பிராணி என்று அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது, காபித் தட்டோடு வந்த ஷைலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். லாய்ட் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தான். இருப்பது ஒரு மின்விசிறி.

ஆபிரகாம் கல்லைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். நகத்தால் சுரண்டினார்.

"இத்த எங்க எடுத்தீங்க?"

கொர்னேலியஸ் இடத்தைச் சொன்னார்.

"இது கடல் இல்ல சார். எங்க மில்லு சேறு. தங்கம் எடுத்த மிச்சத்தத் தண்ணியோட பம்ப் பண்ணி வுடுவோம். ஷிப்டுக்கு ஒரு பூச்சு படியும். காத்து அடிச்சா அலை, வெயில் அடிச்சா வெடிப்பு. இது இன்னா, கலர் சோடா மூடி. நாங்க குடிச்சிட்டுப் போட்டதுதான்."

பியாட்ரிஸ் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். கொர்னேலியஸின் பத்து கோடி வருஷம் ஒரே மூச்சில் போயிற்று. ஆனாலும் இந்த இனம் மூழ்கும்போதும் ஆழம் பார்க்கும்.

"தண்ணி எவ்ளோ இருந்திச்சிங்க?" என்று கேட்டார், மெல்லிய குரலில்.

ஆபிரகாம் கல்லை மறுபடி திருப்பிப் பார்த்தார். தங்கத்தைப் பற்றி அளக்க ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அவர் விட்ட சேற்றை ஏடு ஏடாகப் பிரித்து இரண்டு மாதம் படித்த ஆள் இந்த உலகத்தில் இவர் ஒருவர்தான். அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவும் தெரியவில்லை.

"முழங்கால்தான் சம்பந்தி. நானே எறங்கி நின்னுக்கினு இருப்பேன்."

ஆழம் சரி, அலை சரி, வயதில்தான் கொஞ்சம் பிசகு என்று கொர்னேலியஸ் குதிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது பியாட்ரிஸின் காதில் விழவில்லை. அவள் காதில் விழுந்தது அந்த ஒரே வார்த்தை. அதை ஆபிரகாம் திரும்ப எடுத்துக்கொள்ளுமுன் அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி கேசரியை வைத்துவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். பக்கத்து வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஜோடி செருப்பைப் பார்த்ததும், வந்திருப்பது யார், எத்தனை நாள் தங்குவார், உள்ளே சண்டை எவ்வளவு ஆழம், அலை யார் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையெல்லாம் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துத் தெருவுக்கே சொல்லிவிட்டீர்களே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி? கொர்னேலியஸாவது கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் ஒரு தடவை கதவைத் தட்டிப் பாருங்கள். குழாய் ரிப்பேருக்கு வந்தவராக இருக்கப் போகிறார்.