வெயிலுக்கு ஒரு தரகர்

2012-இல் சிதம்பரத்துக்குக் கரண்ட் வந்ததோ இல்லையோ, கதிரொளி சுவாமிகள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை நகர் ஓரத்துக் கொட்டகையில் கால் வைக்க இடமிருக்காது. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் கூட்டம் தொங்கிக்கொண்டு வரும். படித்தவர்களும் வருவார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் தட்சிணாமூர்த்தி போன்றவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு. ஏமாறுவதிலும் ஒரு மரியாதை வேண்டுமல்லவா?

சாமியின் வித்தை இதுதான். ஆளுக்கொரு கண்ணாடி பாட்டில், உள்ளே நீலத் தண்ணீர். அதுதான் உங்கள் நோய், உங்கள் வினை எல்லாம். பாட்டிலை உச்சி வெயிலில் தூக்கிப் பிடிக்க வேண்டும். சாமி மந்திரம் சொல்லச் சொல்ல நீலம் வெளுத்துவிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு வீட்டுக்குப் போய் மூடியை ஒரு தடவை திறந்து மூடி, குலுக்கி, பூஜையறையில் வைக்க வேண்டும். விடிந்து பார்த்தால் பழையபடி நீலம். அது பாக்கி வினையாம். அடுத்த ஞாயிறு மறுபடி பாட்டில், மறுபடி காணிக்கை. மேகம் மூடிய நாளில் மட்டும் சாமிக்கு மௌன விரதம். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

பொன்னுரங்கத்துக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். பாட்டில் வெளுத்ததைப் பார்த்த அன்றே இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். புண் கணுக்கால் வரை ஏறியது. மகள் சிந்துஜா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள்.

"வினையே கரையுதும்மா, ஊசி எதுக்கு?" என்றார்.

காலை எடுத்துவிடுவார்களோ என்று அவளுக்குத் தூக்கம் போயிற்று.

சிந்துஜா பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. மருந்துக்கான பொருள்களை மணிக்கணக்கில் சூடேற்றிக் காய்ச்சுவதுதான் வழக்கம். கரண்டும் பாழ், கழிவும் அதிகம். அவள் அடுப்பையே விட்டுவிட்டாள். கரைசலில் துளி சாயம் சேர்த்து, குடுவையை மொட்டைமாடி வெயிலில் வைப்பாள். சாயம் வெளிச்சத்தை வாங்கி வேலையை நடத்திக் கொடுத்துவிடும். கரண்ட் போய் மற்றவர்கள் விசிறிக்கொண்டிருந்தபோதும் அவள் ஆராய்ச்சி நிற்கவில்லை. கூடப் படிப்பவர்கள் அவளுக்கு 'வடகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்பாவின் பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. உள்ளே இருந்ததும் சாயம்தான், கூட ஏதோ ஒரு பொடி. வெயில் பட்டால் நிறம் போகும், காற்றுப் பட்டால் திரும்பும்.

அடுத்த ஞாயிறு அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பாட்டில் வாங்கினாள். ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றிச் சாமியின் மடியில் வைத்து, இதற்கு மந்திரம் சொல்லுங்கள் என்றாள். சாமி நெளிந்தார். விஷயம் புரியாத தட்சிணாமூர்த்தி, சாமி சக்தியைக் காட்டிவிட வேண்டும் என்று உற்சாகமாகக் கேட்டுக்கொண்டார். பக்தர் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பாட்டிலை அப்பா வெயிலில் பிடித்தார். "இதுக்கு நான் சொல்றேன்" என்றாள் சிந்துஜா. கண்டக்டர் குரலில் ஆரம்பித்தாள்.

"பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர் ஓ.டி… ஏறு ஏறு, உள்ள போ, படியில நிக்காத."

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் சில தடவை போய் வருவதற்குள் அப்பாவின் பாட்டில் வெளுத்துவிட்டது. துணியைப் பிரித்தார்கள். சாமி தொண்டை வற்றச் சொல்லியும் அதே நீலம். அதையும் வெயிலில் வைத்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் வெளுத்தது.

நாத்திகப் பெண் தொட்டதால் சக்தி இறங்கவில்லை என்றார் சாமி.

பிச்சாவரத்திலிருந்து மீன் கூடையோடு வந்திருந்த பட்டம்மாள் விடவில்லை. "பஸ் மந்திரத்துக்கு மட்டும் எப்பிடி சாமி எறங்குச்சு?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சாமி கொட்டகையின் பின்பக்கமாக நழுவிவிட்டார்.

பொன்னுரங்கம் பாட்டிலைக் கீழே வைத்தார். காலைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரில இந்நேரத்துக்கு டாக்டரு இருப்பாரா?"

"இருப்பாருப்பா. வாங்க." அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் தட்சிணாமூர்த்தி அவளை மறித்தார். அந்த பஸ் மந்திரத்தை ஒரு காகிதத்தில் எழுதித் தர முடியுமா என்று பயபக்தியோடு கேட்டார்.

ஐயா, வெயில் உங்கள் தலைக்கு மேலேதான் அடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் உள்ளேயும் விடுங்கள்.