வலி பத்துக்குப் பத்து

அடுத்தவர் செய்துகொடுக்க முன்வரும் எந்த வேலையையும் "வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்கிற ஒரு ஜாதி உண்டு. அந்த ஜாதிக்குச் சங்கம் வைத்துத் தேர்தல் நடத்தினால் நான் போட்டியின்றித் தலைவியாகிவிடுவேன்.

காரணம் இருக்கிறது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று கொஞ்சம் குறைந்துபோனதில் என் கைகள் நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கிழக்கே போகச் சொன்னால் வடகிழக்கைச் சுற்றிவிட்டு வரும். வாய் சொன்னதைக் கேட்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, குழைத்து, தன் வசதிப்படி வெளியே விடும். துடியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் பாடம் எடுக்கிறேன். முதல் வாரம் மாணவர்களுக்கு நான் பேசுவது புரியாது. இரண்டாவது வாரம் புரியும். மூன்றாவது வாரம் என்னைப் போலவே பேசிக் காட்டுவார்கள். (சில பேர் நன்றாகவே செய்கிறார்கள்.)

டாக்டர்களுக்கு மட்டும் அந்த இரண்டாவது வாரம் வருவதே இல்லை. நான் எம்.ஃபில். முடித்த பிறகும் என் அம்மாவைப் பார்த்துத்தான் "பாப்பாவுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டார்கள்.

அதனால்தான், பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த நர்ஸ் என் போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொடுத்து, "இனி காலையும் சாயங்காலமும் உங்க நிலைமைய நீங்களே சொல்லலாமுங்க" என்றதும் நான் மயங்கிவிட்டேன். 'நீங்களே' என்று சொன்னாரே, அதில்தான். என் வலியை என்னிடமே கேட்கிற ஒன்றை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

ஆனால் அதைச் செய்தவர்கள் என்னைப் பார்த்ததில்லை. இடது ஓரத்தில் ஒரு சிரித்த முகம், வலது ஓரத்தில் ஓர் அழுத முகம். நடுவே ஒரு குட்டி வட்டம். அதை விரலால் மெதுவாக நகர்த்தி, நம் வலி எவ்வளவோ அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மெதுவாக. விரலால். நிறுத்த. இந்த மூன்றும் என் ஜாதகத்திலேயே கிடையாது. முதல் சில நாட்கள் என் கணவர் செந்தில் போனை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் மணிக்கட்டை ஊன்றி எப்படியோ ஒப்பேற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாத்தனார் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் கொடுமுடியிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செந்தில் தாம்பூலப் பைகள் குறைகின்றன என்று வாங்கப் போயிருந்தார். சரியாக அப்போது போன் கூவியது. மாமியார் பக்கத்தில் வந்து, "அம்மணி, இங்க குடு, நான் அமுத்திப்போடறேன்" என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால், ஒரு பேராசிரியை, தன் வலியைத் தானே சொல்ல மாட்டாளா? "வேண்டாங்க அத்தை" என்றேன்.

விரல் வட்டத்தைத் தொட்டது. கை ஒரு துள்ளு துள்ளியது. வட்டம் அழுத முகத்தில் போய் மோதி நின்றது. திருத்துவதற்குள் இன்னொரு துள்ளு. அடுத்த கேள்வி வந்துவிட்டது. மூச்சுத் திணறல் உண்டா? ஆம் என்றது கை. தலை சுற்றுகிறதா? ஆம். திரும்பிப் போக வழியே இல்லை. கடைசியில் திரை முழுக்கச் சிவந்து, என் பதில்களுக்கு நன்றி சொன்னது.

உடனே மருத்துவமனையிலிருந்து அழைப்பு. பதற்றத்தில் என் பேச்சு இன்னும் குழையும். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, கை தவறிடுச்சு" என்று நான் சொன்னது அந்தப் பக்கத்துக்கு எப்படிக் கேட்டதோ. அந்தப் பெண் வேறு யாரிடமோ, "பேசன்ட்டுக்குப் பேச்சு குழறுது" என்று சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நிச்சயத் தட்டை மாற்றக் கையில் எடுத்த நேரம், தெருவை எழுப்பிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஆடுகிற கை, குழறுகிற வாய், கோணிய உதடு. பக்கவாதம் என்று நினைக்க வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மாமியார் ஓடிவந்து, "ஏனுங்க, எங்க புள்ள எப்பவுமே இப்படித்தானுங்க" என்று மன்றாடினார். வீட்டாருக்கு அதிர்ச்சியில் பேச்சு தடுமாறுகிறது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். பட்டுப்புடவையோடு, தலை நிறைய மல்லிகையோடு, என்னைப் படுக்கவைத்துத் தூக்கிப்போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். (கும்பிட்டது எனக்கா, கடவுளுக்கா என்று இன்றுவரை சொல்லவில்லை.)

அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். கைகளைத் தூக்கி அசையாமல் வைக்கச் சொன்னார். வைக்க முடிந்தால் நான் ஏன் இங்கே இருக்கிறேன்? பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். "முகம் ஒரு பக்கம் கோணுது" என்று நர்ஸிடம் சொன்னார்.

"அது என் சிரிப்புங்க" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. தலைக்கு ஸ்கேன் எடுக்கலாம், அடைப்பு இருந்தால் கரைக்க மருந்து ஏற்றலாம் என்று என் தலைக்கு மேலே பேச்சு ஓடியது. ரத்தத்தை இளக்குகிற மருந்து. என் வயிற்றில் தையலே இன்னும் ஆறவில்லை. அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

அந்த நேரம் செந்தில் தாம்பூலப் பைகளோடு உள்ளே ஓடிவந்தார். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது, பேச ஓர் ஆள் கிடைத்தார் என்று. "எப்ப இருந்து இவங்க இப்படிப் பேசறாங்க?" என்று அவரிடம் கேட்டார். செந்திலுக்கு ஓடிவந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் அந்த மனுஷர், "அவங்களே சொல்லுவாங்க சார். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு வருசமாங்க" என்றேன், ஒவ்வொரு எழுத்தாக.

பிறகு நான் விடவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, செயலியைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தேன். அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது உங்கள் வலியைச் சொல்லுங்கள் என்றேன். என் கை ஆட, அவர் கையும் ஆடியது. டாக்டருக்கு வலி பத்துக்குப் பத்து, மூச்சுத் திணறல், தலைசுற்றல். நல்லவர், சிரித்துவிட்டார். ஸ்கேனை நிறுத்தினார். என் பழைய மருத்துவச் சீட்டில் எல்லாம் எழுதியிருந்ததையும் அப்புறம்தான் தேடிப் படித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, எங்கள் சேவை எப்படி என்று நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு டேப்லெட்டை நீட்டினார்கள். அதையும் இழுத்துத்தான் போட வேண்டும். ஒன்றுதான் போட நினைத்தேன். கை துள்ளி ஐந்தும் போட்டுவிட்டது.

அந்தச் செயலியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மறுவாரமே மருத்துவமனைக்கு நேரில் போய், செயலி செய்தவர்களைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். வட்டம் வேண்டாம், உள்ளங்கையால் அமுக்கும் அளவுக்குப் பெரிய பொத்தான் வை என்றேன். அனுப்புவதற்கு முன் சரிதானா என்று ஒருமுறை கேள் என்றேன். என் வழக்கமான பேச்சும் கையும் எப்படி என்று முதலிலேயே என்னிடம் கேட்டு வைத்துக்கொள் என்றேன். பார்வையில்லாத என் தோழியைக் கூட்டிப்போய், அவளுக்கு அது வாயால் படித்துக் காட்டுகிறதா என்றும் சோதித்தேன். என்னைப் பார்த்தாலே அவர்கள் முகம் வெளுத்தது. ஆனால் ஒவ்வொன்றாக மாற்றினார்கள்.

அன்று நிச்சயம் நிற்கவில்லை. நான் திரும்பி வந்த பிறகே தட்டு மாற்றுவோம் என்று கொடுமுடிக்காரர்கள் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள். கல்யாணமும் ஆகி, அந்தப் பெண்ணுக்கு ஒரு குழந்தையும் பிறந்தாகிவிட்டது. அவள் புகுந்த வீட்டில் இன்றும் நான் 'ஆம்புலன்ஸ் அத்தை'தான். விருந்தில் ரசம் எப்படி, புது வீடு எப்படி, மருமகன் எப்படி என்று எதைக் கேட்பதானாலும் "பத்துக்கு எத்தனைங்க அத்தை?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் சொல்வேன். என் வாயால், என் வேகத்தில், இழுத்து இழுத்து. நான் முடிக்கும்வரை ஒருத்தரும் குறுக்கே பேசுவதில்லை. ரசம் ஆறிப்போனாலும் சரி, காத்திருக்கிறார்கள்.