ஃபுல்லர் வம்சத்துக் கேடயம்

கேடயத்தின் மேல் ஒட்டியிருந்த 'பாதி விலை' சீட்டை ரெஜினால்ட் ஃபுல்லர் கவனிப்பதற்குள் சம்பந்தியம்மா கவனித்துவிட்டாள்.

"இதுதான் உங்க பரம்பரைச் சின்னமா, மிஸ்டர் ஃபுல்லர்?" என்றாள் மார்ஜரி வாக்கர்.

"ஆமாமா, தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேர்ந்து இங்கதான் தொங்குது" என்று சொல்லிக்கொண்டே சீட்டைப் பிய்த்தார். கூடவே சிங்கத்தின் தலையும் பிய்ந்து வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் அந்த வேலையில் இறங்கினால் இப்படித்தான்.

அவருக்கு ஒரே மகள், ரோசமண்ட். தன்னோடு ஃபுல்லர் என்ற பெயர் அழிந்துவிடக் கூடாது, பேரப்பிள்ளைகள் ஃபுல்லர்-வாக்கர் என்று வளர வேண்டும் என்று கிடந்து தவித்தார். மாப்பிள்ளைக்குச் சம்மதம்தான். வடக்கே யார்க்ஷயரிலிருந்து தெற்கே கென்ட்டுக்கு வந்திறங்கிய அவனுடைய அம்மாதான் பிடி கொடுக்கவில்லை.

"சரி, ஃபுல்லர்னா என்ன அர்த்தம்?"

"அது வந்து... ராஜாக்களுக்குத் துணி நெய்யறவங்க."

"நெய்யறவங்க இல்லப்பா" என்றாள் ரோசமண்ட். அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "நெய்த கம்பளியைத் தொட்டியில போட்டு மிதிக்கிறவங்க. ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்களே."

"தொட்டியில தண்ணிதானே இருக்கும்?" என்றாள் மார்ஜரி.

ஃபுல்லர் அவசரமாகப் பிஸ்கட் தட்டை நீட்டினார். யாரும் எடுக்கவில்லை.

"மூத்திரம், ஆன்ட்டி. நாள்பட்டது. அப்பதான் எண்ணெய்ப் பிசுக்கு போகும்."

ஃபுல்லருக்கு வியர்த்துவிட்டது. "கண்டவங்களோடது இல்லீங்க! எல்லாம் அரண்மனையிலேர்ந்து வந்தது!"

மிச்சமிருந்த மானமும் அதோடு போயிற்று. மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஃபுல்லருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மார்ஜரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என் பேரப்பிள்ளைங்க பேர்ல இந்த நாத்தமெல்லாம் வேண்டாம். வெறும் வாக்கரே போதும். எங்க வாக்கருங்க ஊர் ஊரா நடந்து உலகத்தைப் பார்த்தவங்க. சொல்லேன், ஸ்டான்லி!"

மூலையில் உட்கார்ந்து ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்த அவள் கணவர் தலையை நிமிர்த்தினார்.

"இங்க ஃபுல்லர்னு சொல்ற, தொட்டியில மிதிக்கிற அதே ஆளைத்தான் கண்ணு, நம்ம வடக்குப் பக்கம் வாக்கர்ங்கிறது. உங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டாரோன்னு பயந்துதான், ஊர் ஊரா நடந்தாங்கன்னு நான் அன்னிக்கு அளந்துவிட்டேன்."