மழைக் குறிப்பேட்டுக்குப் பதினான்கு நாள் தவணை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தங்கை சௌக்கியம். எனக்கும் உடம்பைப் பொறுத்தவரை ஒரு குறையும் இல்லை. சௌக்கியக் கணக்கு இத்தோடு முடிந்தது. என் மகள் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. தாய்மாமன் சொன்னால்தான் அவள் கேட்பாள் என்பது உலகறிந்த விஷயம். ஆகவே கடிதம் கண்டதும் பையில் நாலு சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டு வரவும். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத் திட்டவும்.

பல்கலைக்கழகத்தின் அரிய நூல்கள் நூலகத்துக்கு அவள்தான் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை பொதுமக்களை உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். இரவல் நூலகத்தில் முப்பத்து நாலு வருஷம் மேசை தேய்த்தவன் வீட்டில் சும்மா இருக்கிறானே என்று இரக்கப்பட்டு, என்னையும் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டாள். "வீட்லதான் நீங்க அப்பா. அங்க நான் சொல்றதைக் கேக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கேட்டேன் மச்சான், எல்லாவற்றையும் கேட்டேன். பை உள்ளே வரக்கூடாது, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வர வேண்டும், புத்தகத்தைப் பஞ்சுத் தலையணையில் வைத்துத்தான் திறக்க வேண்டும், பேனா கூடவே கூடாது, பென்சில் மட்டும். வாசலிலேயே நின்று எல்லோருடைய பேனாவையும் பறித்துத் தட்டில் போட்டேன். ஒருவர் மட்டும் தயங்கி, "நான் துணைவேந்தர்" என்றார். "அப்படின்னா நீங்கதான் முதல்ல குடுக்கணும்" என்றேன். கொடுத்தார். இருபத்தாறு பேனாவில் எது யாருடையது என்று எழுதி வைக்கத் தோன்றவில்லை, அது என் பிழைதான். அவர் வாத்துத் தலை வைத்த மஞ்சள் பேனாவோடு வீடு போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி.

ஆனால் அவள் கோபம் அதற்கல்ல. என் மேசையில் ஒரு மழைக் குறிப்பேடு இருந்தது. உள்ளங்கை அகலம், இருநூறு வருஷத்துக் கையெழுத்து. யாரோ ஒருவர் பத்தொன்பது வருஷம் விடாமல், இன்று தூறல், இன்று காற்று, 'இருபத்திரண்டு உள்ளே', 'பதினெட்டு வெளியே' என்று எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் ஆடு மேய்த்தவர் என்று ஆறு வருஷம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தவள் உங்கள் மருமகள். விவரச் சீட்டிலும் அப்படியே போட்டிருந்தாள். சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா அந்த மேசையை விட்டு நகரவே இல்லை. கூட்டம் அடுத்த அறைக்குப் போன பிறகும் நின்றுகொண்டு, "ஐயா, இதை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா படிக்கலாமா?" என்று கேட்டார். மச்சான், அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் யாரும் முப்பத்து நாலு வருஷத்தில் வெறுங்கையோடு போனதில்லை. எங்கே இருக்கிறேன் என்பது மறந்தே போயிற்று. ஓய்வுபெற்ற அன்று திருப்பிக் கொடுக்க மறந்ததாகச் சொன்ன தேதி முத்திரை எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். கை தானாகப் போனது. பெயர், முகவரி எழுதி வாங்கி, ஒரு தாளை இரவல் சீட்டாக்கி முத்திரை குத்திப் பாதியைக் கிழித்து, "பதினாலு நாள்ல குடுத்துடுங்க" என்று கொடுத்து அனுப்பினேன். புத்தகத்தின் மேல் குத்தவில்லை, அவ்வளவு முட்டாளா நான்? வாசல் காவலாளி முத்திரையைப் பார்த்ததும் சல்யூட் அடித்து வழி விட்டிருக்கிறார்.

சாயங்காலம் தலையணை மட்டும் இருப்பதைப் பார்த்து மகள் அலறினாள். நான் பெருமையாகச் சீட்டின் மறுபாதியை எடுத்து நீட்டினேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெற்ற பிள்ளையின் வேலைக்கே உலை வைத்துவிட்டோமே! சலவைக் கடைக்கு ஓடினோம். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டிகளையெல்லாம் அணைத்துவிட்டு, கை கழுவித் துடைத்து, தலையணையில் குறிப்பேட்டை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை! மகள் திருப்பிக் கேட்டதற்கு, "பதினாலு நாள்னு ஐயா சொன்னாரே. இன்னும் ஒரு நாள்கூட ஆகலையே" என்று சீட்டைக் காட்டினார். முத்திரை முத்திரைதான், நான் என்ன சொல்ல? கெஞ்சிக் கேட்டதில், படித்து முடித்ததும் தருவதாக இறங்கி வந்தார். துணி மூட்டைகளுக்கு நடுவே அப்பாவும் மகளும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு அவர், "பாவம், துணி காயப்போட்டே இந்த ஜென்மம் போயிருக்கு" என்றார்.

"அது ஆடும்மா" என்றாள் மகள்.

"ஆடா? 'நாலு இன்னும் ஈரம், மறுபடி வெளியே'ன்னு எழுதியிருக்கே, எந்த ஊர்ல ஆட்டைக் காயப்போடுவாங்க? இது படுக்கை விரிப்பும்மா. மழை வந்தா உள்ள, வெயில் வந்தா வெளிய. என் பொழப்பும் இதுதானே."

மகள் எழுந்தாள். குறிப்பேட்டை வாங்கிக்கொண்டாள், என் முத்திரையையும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். இப்படிச் சும்மா இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இனி எந்தப் புத்தகத்தையும் எவருக்கும் இரவல் கொடுக்க மாட்டேன் என்று உங்கள் தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த மேகங்கள் படப் புத்தகம் பன்னிரண்டு வருஷமாக எங்கள் அலமாரியை விட்டு அசையவில்லை என்பதை அவளிடம் எடுத்துச் சொல்லி, என் நாணயத்துக்கு நீங்கள்தான் சாட்சியாக நிற்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், அப்பாவை விடக் கூடுதல் புத்தியோடும் இருக்க என் ஆசிகள்.

தங்கள் வரவை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மச்சான், புறப்பட வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "கோபமா? யார் சொன்னது? நாலு நாளா விரிப்பு எண்ணிட்டிருந்தேன்பா. பத்தொன்பது வருஷமும் சரியா வருது" என்றாள். ஆட்டை விரட்டிவிட்டுப் புது விவரச் சீட்டு எழுதியாகிவிட்டதாம். அடுத்த மாதச் சனிக்கிழமைக் கூட்டத்தில் சலவைக் கடைக்கார அம்மாதான் பேச்சாளர். துணைவேந்தர் தலைமை, வாத்துப் பேனாவைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாராம். "அந்த மேசைக்கு நீங்கதான்பா. ஆனா முத்திரை என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கும்தான்.

இன்னொன்று. அந்த அம்மா சற்று முன்புதான் வீட்டுக்கே வந்து, மேகத்தைப் பற்றி ஏதாவது படிக்கக் கிடைக்குமா என்று கேட்டார். உங்கள் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். பதினாலு நாள். முத்திரை இல்லாததால் தேதியைக் கையாலேயே எழுதினேன், பென்சிலில்தான்.