முள்ளம்பன்றி முறுக்கிய பிராசஸர்

ஒரு காட்டில், கரண்ட் வருவதற்கு முன்பே பெருமையடிக்கும் வழக்கம் வந்துவிட்ட ஒரு காட்டில், நல்லமுத்து என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. கம்ப்யூட்டர் பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் முறுக்கி ஓடவிடுவதில் அது கில்லாடி. இந்த வித்தைக்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அந்தக் காலத்துப் பிராசஸர்கள் பாவம், சாது. லேசாக முறுக்கினாலே பாதி வேகம் கூடிவிடும். புது மாடல் வரும்போதெல்லாம் குளக்கரையில் கூட்டம் சேரும். நல்லமுத்து முறுக்கும், திரையில் எண் ஏறும், காடே கைதட்டும். கல்யாணம் காட்சி என்றால் அதற்குத்தான் முதல் பந்தி.

இந்த வருஷமும் புது மாடல் வந்தது. குன்றுமேல் கம்பெனி வைத்திருந்த குரங்குகள் செய்த மாடல் அது. நல்லமுத்து ஆசை ஆசையாக முறுக்கிப் பார்த்தது. நூற்றுக்கு ரெண்டு ஏறியது. இன்னும் முறுக்கியதும் திரை நீலமாகிப் படுத்துக்கொண்டது. சூடு தணிய நல்லமுத்து காற்றாடி வைத்தது, தண்ணீர்க் குழாய் சுற்றியது. வளை வெந்ததுதான் மிச்சம். குரங்குகளே அதைக் கழுத்துவரை முறுக்கித்தான் பெட்டியில் போட்டிருந்தன. நல்லமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்குச் சிங்கராஜா வேற பார்க்க வர்றாரு. 'ரெண்டு சதவீதத்துக்கா என்னை வெயில்ல உட்கார வச்சே?'ன்னு கேட்டா, அப்புறம் எவன்டா என்னை மதிப்பான் சொக்கா?" என்று பக்கத்து வளை நரியிடம் புலம்பியது.

சொக்கன் பல் குத்திக்கொண்டே, "மேல ஏறலேன்னா என்னண்ணே? கீழ இறங்குமில்ல?" என்றது.

நல்லமுத்துவின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

மறுநாள் கூட்டம் கூடுவதற்குள் அது பிராசஸரைப் பாதி வேகத்துக்கு இறக்கி வைத்துவிட்டது. எல்லோர் முன்னாலும் ஓடவிட்டபோது பிராசஸர் நொண்டியடித்தது. ஆமைகூடக் கொட்டாவி விட்டது.

"இதாங்க கம்பெனி கொடுத்த வேகம்," என்றது நல்லமுத்து, கொஞ்சமும் கூசாமல். பிறகு ஒரு தட்டுத் தட்டி, கம்பெனி நிஜமாகவே கொடுத்த வேகத்துக்குத் திருப்பியது. இரண்டு மடங்கு! சிங்கராஜா எழுந்து நின்று கர்ஜித்தார். யானை மாலை போட்டது. பாதிப் பூ முள்ளில் குத்திக்கொண்டு நின்றது.

விஷயம் குரங்குகளின் காதுக்கு எட்டியது. அவை சண்டைக்கு வருவதாக நினைத்து நல்லமுத்து வளைக்குள் பதுங்கிக்கொண்டது. வந்த குரங்குகளோ ஆலோசகர் வேலை கொடுத்துவிட்டுப் போயின.

அடுத்த மாடல் பாதி வேகத்திலேயே கடைக்கு வந்தது. இப்போதெல்லாம் முயல்குட்டிகூட வீட்டிலேயே இரண்டு மடங்கு முறுக்குகிறது. "அடேயப்பா, பிராசஸர் எவ்வளவு முன்னேறிடுச்சு!" என்று காடே பூரித்துப்போயிருக்கிறது.

நீதி: மேலே ஏற வழியில்லையா, பள்ளம் தோண்டி இறங்கு, திரும்பித் தரைக்கு வந்தாலே ஊர் மாலை போடும்.